100 மில்லிமீற்றர் என்றால் எவ்வளவு?

நேயர்களுக்கு வணக்கம். மழை எச்சரிக்கை பற்றிப் பேசச் சொன்னார்கள். என் அம்மா கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நான் ஊவாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். ஒரு ஐப்பசி இரவு, தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்துத் தகரத்தில் மழை அடிக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடக் கேட்காத நேரம், வானொலியில் “சில இடங்களில் 100 மில்லிமீற்றருக்கும் அதிகமான பலத்த மழை” என்றார்கள். “நூறுன்னா கூடவா, குறைவா? எந்திரிச்சுப் போகணுமா, இருக்கலாமா?” என்று அம்மா கேட்டார். உயர்தரம் படித்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கென்று அளவுகள் வைத்திருக்கிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 என்றால் கிளம்பத் தயாராக வேண்டும், 150 ஆகிவிட்டால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினால், வெளியேறிவிட வேண்டும். இதை வீட்டிலேயே அளக்கலாம். வாயும் அடியும் ஒரே அகலமான, உயரமான டின் ஒன்றைக் கூரைத் தண்ணீரும் மரத்துச் சொட்டும் விழாத வெளியில் வையுங்கள். பிள்ளையின் அடிமட்டத்தால் தண்ணீரின் உயரத்தைப் பாருங்கள். ஏழரை சென்ரிமீற்றர், பத்து, பதினைந்து, அவ்வளவுதான் கணக்கு. தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்துவிட்டு ஊற்றிவிடுங்கள்.

சரி, விஞ்ஞானிகள் இவ்வளவு கணினி வைத்துக்கொண்டு நம் தோட்டத்து டிவிஷனுக்கு எவ்வளவு மழை என்று ஏன் சொல்ல முடியவில்லை? நம் மலைதான் காரணம். ஆனி மாதம் அட்டனிலும் மஸ்கெலியாவிலும் விடாமல் பெய்துகொண்டிருக்கும்போது பண்டாரவளையில் வெயில் காயும். உலகின் மிகச் சிறந்தவற்றில் ஒன்றான ஐரோப்பிய வானிலை முன்கணிப்பு மையத்தின் கணினி மாதிரியுரு பூமியைச் சுமார் 9 கிலோமீற்றர் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது. ஹப்புத்தளைக் கணவாயின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும், ஆனால் மழை அப்படி அடங்காது. கட்டத்தைச் சிறிதாக்குவதும், ஏற்கெனவே ஊறிப்போன மண்ணில் இன்னும் எவ்வளவு மழை தாங்கும் என்று கணிப்பதும்தான் இந்தத் துறையில் இப்போது நடக்கிற பெரிய ஆராய்ச்சிகள். செய்மதி பெரும்பாலும் முகிலின் மேற்பக்கத்தைத்தான் பார்க்கிறது, உள்ளே இருக்கும் மழைத்துளியைப் பார்க்க ராடார் வேண்டும். புத்தளத்திலும் பொத்துவிலிலும் ஜப்பான் உதவியுடன், மழைத்துளிகளின் நகர்வையும் காட்டும் டொப்ளர் ராடார் அமைக்க 2017இல் ஒப்பந்தம் செய்தும் வேலை வருடக்கணக்கில் இழுபட்டது. அது கட்டாயம் வேண்டும். ஆனாலும் கரையோரத்து ராடாரின் அலையை மலை மறைத்துவிடுமே, அப்போது நமக்கு மிஞ்சுவது தரையில் இருக்கும் மழைமானிதான்.

அப்புறம் ஒன்று, தோட்டத்து ஆபீஸ்களில் மழைமானி வைத்துத் தினமும் கணக்கு எழுதுவது வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே இருக்கும் வழக்கம். கொழுந்துக்காக எழுதிய கணக்கு அது. அதே எண்ணைக் காலையில் பெரட்டில், அதாவது வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், நிற்கும் ஆட்களுக்கு வாய்விட்டுச் சொன்னால் என்ன? காசே செலவாகாது. நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எச்சரிக்கை எந்த மொழியில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு தடவை எங்கள் லயத்துக்குத் தமிழல்லாத மொழியில் வந்த குறுஞ்செய்தியை வாசிக்கத் தெரிந்த பையனைத் தேடிப் பிடிக்கவே அரை மணித்தியாலம் போனது. அரை மணித்தியாலத்தில் மலை இறங்கிவிடும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் 600 பேருக்கு மேல் இறந்தார்கள், பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்கள் மிக மோசமாக அடிபட்டன. கரண்டும் போன் சிக்னலும் போன இடத்துக்குக் குறுஞ்செய்தி எப்படி வரும்? பற்றரி போட்ட ரேடியோவும், கோயில் மணியும், கதவைத் தட்டும் கையும்தான் வரும். ஆராய்ச்சி செய்கிறவர்கள் இதையும் ஆராய வேண்டும், எந்தச் சொல்லைக் கேட்டதும் மனிதர் எழுந்து நடக்கிறார் என்று.

அதேநேரம் பதுளை மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தை மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29 காலை லயங்கள் மண்ணுக்குள் போயின. பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் சொல்லப்பட்டிருந்தது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியிருக்க ஒரு துண்டுக் காணி இருக்கவில்லை. “போங்கள்” என்று சொல்கிறவர்கள் எங்கே போவது என்றும் சொல்ல வேண்டும்.

உங்கள் டின்னில் பத்து சென்ரிமீற்றர் ஆகாவிட்டாலும், சுவரிலோ தரையிலோ புது வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று இறுகிப்போன கதவு, கானிலோ பீலியிலோ கலங்கி வரும் தண்ணீர், இவற்றில் எதைக் கண்டாலும் விடியும்வரை பார்க்காதீர்கள். பிள்ளைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு முதலில் வெளியே வாருங்கள், பிறகு அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 என்ற இலக்கத்தில் பேசுங்கள். பக்கத்துக் காம்பராவையும் தட்டிவிட்டு வாருங்கள்.