சாவி கொடுக்கிற வாட்ச்ல அப்படி என்னதான் இருக்கு? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். போன வீடியோவுக்குக் கீழ நிறைய கேள்வி வந்திருக்கு. இன்னைக்கு ஒண்ணை மட்டும் எடுத்துக்கிறேன், ஏன்னா இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போக முடியாது. தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: "அண்ணா, பேட்டரியில ஓடுற 500 ரூபாய் குவார்ட்ஸ் வாட்ச் மாசத்துக்கே 15, 20 செகண்டுதான் தப்புது. நீங்க ஆசை ஆசையா காட்டுற சாவி கொடுக்கிற வாட்ச் ஒரு நாளைக்கே அரை நிமிஷம் தப்புது. தினமும் சாவி கொடுக்கணும், தண்ணி படாம பார்த்துக்கணும், சர்வீஸ் செலவு வேற. போன்லயே மணி தெரியுற காலத்துல இதெல்லாம் எதுக்கு? சும்மா சீனுக்குத்தானே?"

தம்பி சொன்ன கணக்குல ஒரு தப்பும் இல்லைங்க. முதல்ல அதை ஒத்துக்கிறேன். மணி பார்க்கிறதுக்குன்னு மட்டும் வாட்ச் வேணும்னா, கண்ணை மூடிக்கிட்டு குவார்ட்ஸ் வாங்குங்க. சுவிட்சர்லாந்துல குரோனோமீட்டர்னு சோதனை பண்ணி சான்றிதழ் கொடுக்கிறாங்க இல்லையா, லட்சக்கணக்குல விக்கிற அந்த வாட்சுங்களுக்கே சராசரியா ஒரு நாளைக்கு 4 செகண்ட் மெதுவாவும் 6 செகண்ட் வேகமாவும் போறதுக்கு அனுமதி உண்டு. 500 ரூபாய் வாட்ச்கிட்ட லட்ச ரூபாய் வாட்ச் தோத்துப் போற ஒரே விஷயம் மணி காட்டுறதுதான். "அந்தக் காலத்து வாட்ச்தான் கரெக்டா ஓடும்"னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

ஆனா அந்த அரை நிமிஷம் எங்கேர்ந்து வருதுன்னு ஒரு தடவை பார்த்துடுவோம். கேமராவை இப்படி மேஜைக்குத் திருப்புறேன். தெரியுதா? இது எச்.எம்.டி. கம்பெனியோட ஜனதா வாட்ச், 17 கல். பின் மூடியைக் கழட்டி வெச்சிருக்கேன். இந்தப் பக்கம் விடாம ஆடிக்கிட்டே இருக்கே, அதுதான் பேலன்ஸ் வீல். அதுக்கு நடுவுல கொசுவர்த்திச் சுருள் மாதிரி ஒண்ணு சுருங்கிச் சுருங்கி விரியுது பாருங்க, அது ஹேர் ஸ்ப்ரிங். வாட்சோட உயிரே இந்த ரெண்டுதான். இங்கேர்ந்து அங்க போனா ஒரு ஆட்டம், திரும்பி வந்தா இன்னொரு ஆட்டம். ஒரு செகண்டுக்கு அஞ்சு ஆட்டம். மணிக்கு 18,000. ஒரு நாளைக்கு 4,32,000.

இப்ப தம்பியோட அரை நிமிஷத்துக்கு வருவோம். 30 செகண்ட்னா 150 ஆட்டம். நாலு லட்சத்து முப்பத்திரெண்டாயிரத்துல வெறும் நூத்தம்பது! பேட்டரி இல்ல, கரண்ட் இல்ல, வெறும் இரும்பும் பித்தளையும். அதுவும் கையில கட்டிக்கிட்டு நீங்க பஸ் ஏறுறீங்க, துணி பிழியறீங்க, சின்னப் பையனைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறீங்க. அதுக்கு நடுவுல வந்த தப்பு இவ்வளவுதான்.

இன்னும் கொஞ்சம் கிட்டப் போறேன். பேலன்ஸ் வீலுக்குப் பக்கத்துல குட்டியா கவை மாதிரி ஒண்ணு ஆடுதா? பேலட்னு சொல்லுவோம். அதோட ரெண்டு முனையிலயும் சிவப்பா ரெண்டு கல். நீங்க கொடுத்த சாவி பூரா மெயின் ஸ்ப்ரிங்ல சுருண்டு கிடக்கு. அது "விடு, விடு"ன்னு சக்கரங்களைத் தள்ளிக்கிட்டே இருக்கு. விட்டா அரை நிமிஷத்துல மொத்தமும் உருவிக்கிட்டு ஓடிடும். அதை மறிச்சு, ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுதான்னு அளந்து விடுறது இந்தப் பேலட். போற போக்குல பேலன்ஸ் வீலுக்கும் ஒரு சின்ன உந்து கொடுத்துட்டுப் போகும். அதனாலதான் ஆட்டம் நிக்காம இருக்கு. காதுல வெச்சா டிக் டிக்னு கேக்குதே, முள் நகர்ற சத்தம்னுதான் எல்லாரும் நினைக்கிறாங்க. இல்ல. சக்கரத்தோட பல்லு இந்தக் கல்லுல வந்து மோதுற சத்தம்.

கல்லுன்னதும் ஞாபகம் வருது. 17 கல் வாட்ச், வித்தா நல்ல விலை போகுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. மாணிக்கம்தாங்க, ஆனா ஆலையில செய்யுற செயற்கை மாணிக்கம். உரசித் தேயாம இருக்கிறதுக்காகப் போடுறது. நகைக்கடைக்கு எடுத்துட்டுப் போயிடாதீங்க.

சரி. இந்தச் சுருள் சூடு ஏறினா தளரும், வாட்ச் மெதுவாகும். குளிர்ல விறைக்கும், வேகமாகும். இதைச் சமாளிக்கிறதுக்கு எத்தனையோ தலைமுறை மண்டையை உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. கடைசியில கீயோம்னு ஒரு சுவிஸ் இயற்பியலாளர், சார்ல் எத்வார் கீயோம், நிக்கலும் இரும்பும் கலந்து, சூட்டுக்கு அசையாத உலோகம் கண்டுபிடிச்சார். அந்த நிக்கல் எஃகு ஆராய்ச்சிக்காக 1920ல அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தாங்க. அவர் கொடுத்த உலோகத்துலதான் அப்புறம் ஹேர் ஸ்ப்ரிங்கும் வந்தது.

அடுத்து, வாட்சை எப்படி வைக்கிறோம்கிறதும் கணக்கு. படுக்க வெச்சா ஒரு வேகம், நிக்க வெச்சா ஒரு வேகம். அதனால பழைய ஆளுங்க ராத்திரி கழட்டி வைக்கிறப்பவே, இன்னைக்கு மெதுவா போச்சா, அப்ப இப்படி வை, வேகமா போச்சா, அப்படிச் சாய்ச்சு வைன்னு காலையில சரி பண்ணிடுவாங்க. ஒவ்வொரு வாட்சுக்கும் ஒரு குணம். ரெண்டு வாரம் கூட இருந்தா உங்களுக்கே பிடிபட்டுடும்.

என் பதிலே இங்கதான் இருக்கு தம்பி. இந்த வாட்ச் தப்பு பண்ணும். ஆனா அந்தத் தப்புக்கு ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணத்தைக் கண்ணால பார்க்கலாம், கையால சரி பண்ணலாம். ரிப்பேருக்கு அடிக்கடி இப்படி வரும்: "நேத்து வரைக்கும் நல்லா ஓடுச்சு, இன்னைக்குப் பேய் பிடிச்ச மாதிரி ஓடுது, மத்தியானத்துக்குள்ள கால் மணி நேரம் முன்னாடி போயிடுச்சு." திறந்து பார்த்தா சுருளோட ரெண்டு சுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். காந்தம் ஏறியிருக்கு! ஹேண்ட்பேக் பட்டன்ல காந்தம், போன் ஸ்பீக்கர்ல காந்தம், எது மேலயாவது வெச்சிருப்பாங்க. சுத்து ஒட்டினா சுருளோட நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிடும். நீளம் குறைஞ்சா ஆட்டம் வேகமாகும். காந்தம் எடுக்கிற மெஷின்ல வெச்சு, பட்டனை அழுத்தி, மெதுவா தூக்கினா முடிஞ்சது வேலை. வந்தவருக்கு அந்தச் சுருளை லென்ஸ்ல காட்டினா, அவர் முகம் மாறுறதைப் பார்க்கணுமே. இவ்வளவு நாளா கையில கட்டியிருந்ததை அப்பதான் முதல் தடவையா பார்க்கிறார்.

குவார்ட்ஸை நான் குறைச்சுப் பேச மாட்டேன். அதுவும் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்ல. உள்ள ஒரு குவார்ட்ஸ் துண்டு, ஒரு செகண்டுக்கு 32,768 தடவை அதிருது. ஏன் அந்த நம்பர்னா, பாதி பாதியா 15 தடவை வகுத்தா சரியா 1 வரும். அந்த ஒண்ணுக்கு முள் ஒரு தட்டு நகரும். அருமையான மூளை. ஆனா அந்த அதிர்வை நீங்களும் பார்க்க முடியாது, நானும் பார்க்க முடியாது. சர்க்யூட் போயிடுச்சுன்னா வாட்சுக்குள்ள இருக்கிற மெஷினையே தூக்கிப் போட்டுட்டு வேற மெஷின் மாத்துவேன். ஏன் போச்சுன்னு கேட்டா, என்கிட்ட பதில் கிடையாது. பெரும்பாலும் யாருக்குமே அது தேவையும் படுறதில்ல.

1969 டிசம்பர் 25ஆம் தேதி டோக்கியோவுல சீக்கோ கம்பெனி அஸ்ட்ரான்னு முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைக் கடைக்குக் கொண்டு வந்தது. விலை 4,50,000 யென், அன்னைக்கு ஒரு காருக்குக் கொடுக்கிற பணம். பத்துப் பதினஞ்சு வருஷத்துல அது சில்லறை விலைக்கு வந்துடுச்சு. சுவிட்சர்லாந்துல வாட்ச் தொழில்ல இருந்தவங்க 1970 வாக்குல சுமார் 90,000 பேர். 80கள்ல அது 30,000 பக்கம் இறங்கிடுச்சு. ஊர் ஊரா ஆலை மூடினாங்க.

அப்ப நடந்த ஒரு கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். லெ லொக்ல்னு ஒரு ஊர், அங்க ஜெனித் கம்பெனி. அது அப்ப ஒரு அமெரிக்கக் கம்பெனி கையில. 1975ல உத்தரவு வருது: இனிமே சாவி வாட்ச் வேண்டாம், குவார்ட்ஸ்தான், பழைய கருவி எல்லாத்தையும் தள்ளி விட்டுடுங்க. அங்க வேலை பார்த்த ஷார்ல் வெர்மோன்னு ஒருத்தர் மேலிடத்துக்கு எழுதிப் பார்த்தார், நடக்கல. மனுஷன் என்ன பண்ணார், எல் பிரிமெரோங்கிற மெஷினைச் செய்யத் தேவையான அச்சு, வெட்டுக் கருவி எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சமா பரண்ல கொண்டு போய் ஒளிச்சு வெச்சுட்டார். எது எதுக்குன்னு நோட்டுலயும் எழுதி வெச்சார். ஒரு பத்து வருஷம் கழிச்சு அதே கம்பெனிக்கு அந்த மெஷின் மறுபடி வேணும்னு ஆச்சு. பரணைத் திறந்தாங்க. 1988ல ரோலெக்ஸ் தன்னோட டேடோனா வாட்சுக்கு அந்த மெஷினைத்தான் எடுத்துக்கிட்டது. கவனிங்க, அவர் வாட்சை ஒளிச்சு வைக்கல. செய்யுற கருவியை ஒளிச்சு வெச்சார். கருவியும் கையும் இருந்தா திரும்பச் செஞ்சுடலாம்னு தெரிஞ்ச ஆள். ஒரு சிப்பைப் பரண்ல போட்டு வெச்சு என்ன பண்றது?

நம்ம ஊர் கதையும் கிட்டத்தட்ட அதேதான். 1961ல பெங்களூர்ல, ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட ஒத்துழைப்புல, மத்திய அரசு கம்பெனியான எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பிச்சது. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. வாங்கறதுன்னா அது ஒரு கௌரவம். அப்புறம் 1984ல டாடாவும் நம்ம தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பிச்சாங்க, ஓசூர்ல ஆலை. குவார்ட்ஸ்தான் எதிர்காலம்னு துணிஞ்சு இறங்கினாங்க. ஜெயிச்சாங்க. 2016ல எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடுறதுன்னு மத்திய அரசு முடிவு பண்ணிடுச்சு.

அன்னைக்கு ஜனங்க குவார்ட்ஸுக்கு மாறினது ஏமாந்து போய் இல்லைங்க. நகராட்சி சங்கு ஊதினா முள்ளைத் திருப்பி வைக்கணும், ரேடியோவுல செய்திக்கு முன்னாடி பீப் வந்தா திருப்பி வைக்கணும். ரயிலுக்குப் போறவருக்கும், ஆஸ்பத்திரியில நாடி பார்க்கிற நர்ஸம்மாவுக்கும் அந்த அரை நிமிஷம் தொல்லைதான். குவார்ட்ஸ் வந்ததும் அப்பாடான்னு மூச்சு விட்டாங்க. அந்த வேலையை இப்ப போன் எடுத்துக்கிச்சு. சாவி வாட்சை நம்பி யாரும் ரயிலைப் பிடிக்க வேண்டியதில்ல. அதனாலதான் நீங்களும் நானும் உக்காந்து அதோட ஆட்டத்தை ரசிக்க முடியுது. அதை நம்பிப் பொழைச்சவங்ககிட்ட போய் "ஆஹா, என்ன அழகு"ன்னு சொன்னா திட்டுவாங்க.

சும்மா சீனுக்குத்தானேன்னு கேட்டீங்களே, அதுவும் உண்டு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். பிளாங்பேன்னு ஒரு பழைய சுவிஸ் பேர். தூங்கிக் கிடந்த அந்தப் பேரை 80கள் ஆரம்பத்துல ரெண்டு பேர் கொஞ்சப் பணத்துக்கு வாங்கினாங்க. நாங்க குவார்ட்ஸ் செஞ்சதே இல்ல, செய்யவும் மாட்டோம்னு விளம்பரம் பண்ணியே பெரிய விலைக்கு வித்தாங்க. உதவாததையே பெருமையாக்கிட்டாங்க! இன்னைக்கு சுவிஸ் ஏற்றுமதியில பணமதிப்புல பெரும்பங்கு சாவி வாட்சும், கை அசைவுலயே சாவி ஏறிக்கிற ஆட்டோமேட்டிக்கும்தான். அதுல பாதிக்கு மேல கௌரவத்துக்கு வாங்குறதுதான்னு என் அபிப்பிராயம். அவங்க பின் மூடியைத் திறந்து பார்க்கவே போறதில்ல. அந்த ஆசை வேற, நான் சொல்ற ஆசை வேற. என்னுதுக்கு லட்சம் தேவையில்ல, ஒரு ஜனதா போதும்.

அந்தக் காலத்துப் பொருள் எல்லாமே தரம்கிறதும் பாதிப் பொய்தான். மட்டமான பழைய வாட்ச் எத்தனையோ இருந்தது, அதெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு. மிஞ்சினது மட்டும் நம்ம கண்ணுல படுது.

கடைசியா, வாங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு. ஆன்லைன்ல பளபளன்னு ஆரஞ்சு டயல், பச்சை டயல் போட்ட எச்.எம்.டி. பைலட் ஆயிரத்துச் சொச்சத்துக்கு வருதே, உஷாரா இருங்க. அதுல நிறைய, தேஞ்சு போன மெஷின்ல புதுசா டயல் அச்சடிச்சு ஒட்டுனது. சேகரிக்கிறவங்க அதுக்கு "மும்பை ஸ்பெஷல்"னே பேர் வெச்சிருக்காங்க. டயல்ல எழுத்து ஓரம் பிசிறடிச்சிருக்கான்னு பெருசு பண்ணிப் பாருங்க. விக்கிறவர்கிட்ட மூடி திறந்து மெஷின் போட்டோ கேளுங்க. கொடுக்க மாட்டேன்னா விட்டுடுங்க.

அதைவிட, உங்க வீட்டு பீரோவுல தாத்தாவோட வாட்ச் ஏதாவது கிடக்கும், முதல்ல அதைத் தேடுங்க. கிடைச்சா, சாவியை மெதுவா கொடுங்க, இறுக்கம் தெரியுற இடத்துல நிறுத்திடுங்க. ஓடுச்சுன்னாலும் உடனே தினமும் கட்ட ஆரம்பிக்காதீங்க. எண்ணெய் காய்ஞ்சு போயிருக்கும், காய்ஞ்ச எண்ணெயில ஓடினா உள்ள தேயும். கழுவி எண்ணெய் போட்டதுக்கு அப்புறம் கட்டுங்க. முக்கியமா, கடைக்காரர் "மெஷின் மாத்தி பேட்டரி போட்டுடலாம் சார், கரெக்டா ஓடும்"னு சொன்னா, வாட்சை வாங்கிக்கிட்டு நேரா அடுத்த கடைக்குப் போயிடுங்க.