ரேஷன் கார்டையே மருந்தாக்கிய மனநல மருத்துவர் | பிரான்செஸ்க் டொஸ்கெல்

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரான்ஸ் நாட்டு மனநல மருத்துவமனைகளில் 40,000க்கும் அதிகமான நோயாளிகள் செத்துப்போனார்கள். குண்டு விழுந்து அல்ல, பசியால். ஊருக்குள் இருந்தவர்கள் கள்ளச்சந்தையிலாவது ஏதோ வாங்கிச் சாப்பிட்டார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு ரேஷனில் அளந்து போட்டது மட்டும்தான். அது உயிரைப் பிடித்து வைக்கப் போதவில்லை. அதே நேரத்தில் ஒரு மலை கிராமத்து மருத்துவமனை தன் நோயாளிகளைக் காப்பாற்ற எடுத்த வழிகளைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

[திரையில்: பிரான்ஸ் வரைபடம். தெற்கே லொசேர் மாவட்டம்]

முன்கதையை வேகமாக முடித்துவிடுகிறேன். அந்த மருத்துவமனையில் வேலை பார்த்த பிரான்செஸ்க் டொஸ்கெல் பிறந்தது 1912இல், ஸ்பெயினின் கத்தலோனியாப் பகுதியில் உள்ள ரேயுஸ் நகரில். அங்கேயே மனநல மருத்துவரானார். உள்நாட்டுப் போர் வந்தது. ராணுவத் தளபதி பிராங்கோவுக்கு எதிரான குடியரசுப் படையின் மனநலப் பிரிவை நடத்தினார். பிராங்கோ ஜெயித்ததும் 1939இல் பிரனீஸ் மலையைத் தாண்டி பிரான்சுக்குள் தப்பி வந்தார்.

ஒரு நிமிடம், அந்தப் போர்முனையை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம். தன் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது பயிற்சி பெற்ற மனநல மருத்துவர்களை அவர் தேடவில்லை. அவர்களுக்குப் பைத்தியத்தைக் கண்டால் பயம் என்பது அவர் கணிப்பு. வக்கீல்கள், ஓவியர்கள், பாதிரியார்கள் வந்தார்கள். பாலியல் தொழில் செய்த பெண்களையும் சேர்த்துக்கொண்டார்! மனிதர்களை எல்லா நிலையிலும் பார்த்தவர்கள் அவர்கள், நோயாளியைக் கண்டு மிரள மாட்டார்கள் என்று நம்பினார். இதைவிடத் துணிச்சலான பணி நியமனத்தை மருத்துவத்தில் நான் கேள்விப்பட்டதே இல்லை.

சரி, பிரான்சுக்கு வருவோம். அகதி முகாமில் சேற்றுக்கு நடுவே ஒரு கொட்டகையில் மனநலப் பிரிவு தொடங்கினார். அங்கிருந்து 1940 ஜனவரியில் லொசேர் மாவட்டத்துச் செயின்ட் அல்பான் மருத்துவமனைக்கு அழைக்கப்பட்டார். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு பழைய கோட்டை, குளிர்காலம் முழுக்கப் பனி, சுற்றிலும் விவசாயக் குடும்பங்கள். அவருடைய ஸ்பெயின் பட்டம் அங்கே செல்லவில்லை. அனுபவமுள்ள மருத்துவர், கிட்டத்தட்ட நர்ஸ் நிலையில் வேலைக்குச் சேர்ந்தார். மறுபடி படித்து, 1948இல் ஆய்வேடு கொடுத்து, அப்புறம்தான் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

இப்போது சோற்றுக் கதை. இதற்காகத்தான் இந்த வீடியோவையே எடுத்தேன்.

காசநோயாளிகளுக்குக் கூடுதல் ரேஷன் உண்டு என்பது அன்றைய விதி. உடனே மருத்துவமனையில் காசநோய்ப் பிரிவு முளைத்தது. மெலிந்துபோனவர்களின் சீட்டில் மருத்துவர்கள் காசநோய் என்று எழுதினார்கள், தட்டில் கொஞ்சம் கூடுதலாக விழுந்தது. பெண் நோயாளிகள் கம்பளி நூற்றுப் பின்னிக் கொடுத்து, விவசாயிகளிடம் வெண்ணெயும் முட்டையும் வாங்கி வந்தார்கள். ஆண்கள் வயல் வேலைக்குப் போய் உருளைக்கிழங்கோடு திரும்பினார்கள். காட்டில் காளான் இருந்தது, ஆனால் எது விஷம், எது சாப்பிடலாம் என்று தெரிய வேண்டுமே? மருத்துவமனைக்குள்ளேயே காளான் கண்காட்சி வைத்து நோயாளிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்!

இங்கேயும் சாவு இல்லாமல் இல்லை. ஆனால் மற்ற இடங்களில் நடந்த கோரத்தோடு ஒப்பிட்டால் பலர் பிழைத்தார்கள். சோற்றுக்காகத் திறந்த கதவை அப்புறம் யாரும் மூடவில்லை என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. வயலுக்குப் போனவன் ஊர்க்காரர்களோடு பேசினான், பேரம் பேசினான், பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டான். மருத்துவமனைச் சுவர்களை இடித்தார்கள். 'முதலில் மருத்துவமனைக்கு வைத்தியம் பார்க்க வேண்டும், அப்புறம்தான் நோயாளிக்கு' என்பது டொஸ்கெலின் கொள்கை. சேறு மண்டிய கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருந்து என்ன பயன், தூர் வாரினால்தானே நல்ல தண்ணீர் வரும்?

[திரையில்: மரத்தில் செதுக்கிய சிறகு முளைத்த விலங்கு]

இதைச் செய்தவர் ஒகுஸ்ட் ஃபொரெஸ்தியே. தண்டவாளத்தில் கல் வைத்து ரயிலைத் தடம் புரளச் செய்ததால் 1914இல் இங்கே கொண்டுவரப்பட்டவர். செருப்புத் தைக்கும் கத்தியால் மரத்துண்டுகளைச் செதுக்குவார். துணி, தோல், கயிறு, விலங்குப் பல் என்று கிடைத்ததை எல்லாம் ஒட்டி அலங்கரிப்பார். ஊர்க்காரர்கள் குழந்தைகளுக்குப் பொம்மையாக வாங்கிப் போனார்கள். 1943 இறுதியில் நாஜிகளிடமிருந்து தப்பி இதே மருத்துவமனையில் ஒளிந்திருந்த கவிஞர் பால் எலுவார் இவற்றைப் பார்த்து மயங்கினார். இன்று அவற்றில் பல ஸ்விட்சர்லாந்தின் லொசான் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன!

டொஸ்கெல் பேசிய பிரெஞ்சு கடைசிவரை கத்தலான் வாடை அடிக்கும் பிரெஞ்சுதான். அதைத் திருத்திக்கொள்ள அவர் அக்கறைப்படவில்லை. 'நான் சொல்வதைப் புரிந்துகொள்ள நோயாளி கொஞ்சம் முயற்சி எடுக்கட்டும், அந்த முயற்சியே அவனுக்கு நல்லது' என்பது அவர் வாதம். மனநல மருத்துவர் என்றால் வெளிநாட்டுக்காரராக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படி நடிக்கவாவது வேண்டும் என்பார். ஒத்துக்கொள்வீர்களா? எனக்கு இது பாதிதான் சரி என்று படுகிறது. பயந்துபோய் வந்த ஒருவருக்கு முதல் நாளில் தன் மொழி காதில் விழ வேண்டும். உங்கள் கருத்தைக் கமென்ட்டில் எழுதுங்கள்.

1962இல் செயின்ட் அல்பானை விட்டுக் கிளம்பினார். பிற்காலத்தில் சொந்த ஊர் ரேயுஸ் மருத்துவமனைக்கும் திரும்பப் போய் வேலை செய்தார். 1994இல் பிரான்சில் காலமானார். செயின்ட் அல்பான் மருத்துவமனைக்கு இன்று அவர் பெயர்தான்.

1952இல் அவரிடம் பயிற்சிக்கு வந்த ஒரு கரீபிய இளைஞர் அடுத்த வருடமே அல்ஜீரியாவின் ப்ளீடா மருத்துவமனைக்குப் போய் இதே முறையைச் செய்து பார்த்தார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் பலித்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுதோல்வி. அந்த இளைஞர், பின்னாளில் காலனி ஆதிக்கத்தை எதிர்த்து எழுதிப் புகழ்பெற்ற ஃபிரான்ஸ் ஃபனான். ஏன் தோற்றது, அப்புறம் நோயாளிகளோடு சேர்ந்து எதற்காகக் காபிக்கடை கட்டினார் என்பதெல்லாம் அடுத்த வீடியோவில். சேனலை சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்.