பாட்டுக்கும் சப்டைட்டில் வேண்டும்: எங்கள் வீட்டு டிவிடி அலமாரி

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரம், சாட்ஸ்வொர்த்தில் இருந்து பேசுகிறேன். போன வீடியோவில் என் பின்னால் தெரிந்த அலமாரியைப் பார்த்துவிட்டு, எல்லாப் படமும் டிவியிலேயே வரும்போது இத்தனை டிஸ்க் எதற்கு என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். இன்றைக்கு அதைப் பேசிவிடலாம்.

எங்கள் வீட்டிலும் ஸ்ட்ரீமிங், அதாவது இணையம் வழியாகப் படம் பார்க்கும் வசதி, இருக்கிறது. இங்கே ஷோமேக்ஸ் என்ற ஸ்ட்ரீமிங் சேவை 2015-இல் தொடங்கியது, 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் வந்தது. புதுப் படம் பார்க்க அதுதான் வசதி. ஒரு தடவை பார்த்தால் போதும் என்கிற படத்துக்கு டிஸ்க் வாங்காதீர்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் இதோ, இந்த மேல் தட்டைப் பாருங்கள். இது முழுக்க ஆயாவின் தட்டு. வீட்டில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுவோம். ஆயாவுக்குத் தமிழ் நன்றாக வரும். என் பிள்ளைகளுக்கு வராது. 1860-இல் ட்ரூரோ கப்பலில் மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்கள் காலத்திலிருந்து இங்கே பேசி வந்த மொழி, இன்று பல வீடுகளில் ஆயா, தாத்தாவோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் ஒரு பழைய படம் போடுவோம். ஆயா காதால் கேட்பார், பிள்ளைகள் சப்டைட்டிலைப் படிப்பார்கள். பாட்டு வந்தால் ஆயாவும் கூடவே பாடுவார்.

இந்தப் பாட்டுதான் விஷயமே. ஸ்ட்ரீமிங்கில் நாங்கள் பார்த்த பல தமிழ்ப் படங்களில் வசனத்துக்கு சப்டைட்டில் ஓடும், பாட்டு தொடங்கியதும் நின்றுவிடும். பழைய தமிழ்ப் படத்தில் பாதிக் கதையைப் பாட்டுதானே சொல்கிறது? என்னிடம் உள்ள சில டிவிடிகளில் பாட்டுக்கும் வரிக்கு வரி சப்டைட்டில் உண்டு. யாரோ பொறுமையாக உட்கார்ந்து செய்த வேலை அது. அப்படி ஒரு பாட்டின் நடுவில்தான் என் மகள், “மனசுக்கும் நெஞ்சுக்கும் என்ன வித்தியாசம், ஆயா?” என்று கேட்டாள். காதில் இரண்டு சொல் விழுந்திருக்கிறது, திரையில் இரண்டுக்கும் ஒரே ஆங்கிலச் சொல் வந்திருக்கிறது. ஆயா படத்தை நிறுத்தச் சொன்னார். கால் மணி நேரம் விளக்கினார். அதற்குப் பிறகு என்னால் இந்த டிஸ்க்குகளைத் தூக்கிப்போடவே முடியாது.

அடுத்தது, படம் காணாமல் போவது. போன வருடம் ஆயாவின் பிறந்தநாளுக்கென்று ஒரு படத்தைக் குறித்து வைத்திருந்தேன். அன்றைக்குத் தேடினால் அது இல்லை. ஸ்ட்ரீமிங் நிறுவனங்கள் ஒரு படத்தைக் காட்டும் உரிமத்தை நாடு வாரியாக, இத்தனை காலம் என்று கணக்குப் போட்டுத்தான் வாங்குகின்றன. காலம் முடிந்தால் படம் போய்விடும். சென்னையில் தெரிகிற படம் டர்பனில் தெரியாமலும் இருக்கும். காசு கொடுத்து டிஜிட்டலில் ‘வாங்கிய’ படமும் பெரும்பாலும் பார்ப்பதற்கான அனுமதிதான். கலிபோர்னியாவில் இதற்காகவே ஒரு சட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உரிமம் மட்டும்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று போட்டு விற்கக் கூடாது.

சரி, டிஸ்க் எல்லாமே நல்லதா? இல்லை. மூன்று படங்களை ஒரே டிவிடியில் திணித்த ‘த்ரீ இன் ஒன்’ நினைவிருக்கிறதா? முகங்கள் கட்டம் கட்டமாக உடையும். அதைவிட ஸ்ட்ரீமிங் எவ்வளவோ மேல். அந்த மாதிரி டிஸ்க்குகளில் பாதியைக் கொடுத்துவிட்டேன். டிவிடிக்கு அடுத்து வந்த, படம் இன்னும் தெளிவாகத் தெரியும் ப்ளூ-ரே டிஸ்க் நல்லதாகக் கிடைத்தால் கதை வேறு. படத்துக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை போகும், ஒலியும் குறையாமல் வரும். இருட்டான காட்சியில் வித்தியாசம் உடனே தெரியும்.

தமிழ் டிஸ்க்குகளில் இன்னொரு கவலையும் இருக்கிறது. 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் விசிடி 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று இந்தியச் சந்தையில் இறக்கியது. ஏராளமான தமிழ்ப் படங்கள் அப்படித்தான் வெளிவந்தன, எங்கள் பெட்டிக்கும் வந்து சேர்ந்தன. 2018-இல் அந்த நிறுவனத்தையே கலைக்க உத்தரவாகிவிட்டது. அந்தப் பதிப்புகளை இனி யார் அச்சடிப்பார்கள்? நம் கையில் இருப்பதுதான் மிச்சம்.

வாங்கும்போது ரீஜன் பாருங்கள். எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று டிஸ்க்கில் போடுகிற பூட்டு அது. டிவிடியில் நமக்கு 2, இந்தியாவுக்கு 5. ப்ளூ-ரேயில் நமக்கு பி, இந்தியாவுக்கு சி, அமெரிக்காவுக்கு ஏ. தமிழ் டிவிடிகள் பலவற்றுக்கு இந்தப் பூட்டு இல்லை. ஆனால் அமெரிக்காவிலிருந்து அத்தை மகன் ஆசையாகக் கொண்டுவந்த ப்ளூ-ரே எங்கள் பிளேயரில் ஓடவே இல்லை. 4கே டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது.

அப்புறம் டர்பன் ஈரம். கடற்காற்றும் புழுக்கமும் சேர்ந்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும், டிஸ்க்கிலும் படரும். சுவரை ஒட்டி வைக்காதீர்கள், படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராக இழுங்கள். தகவல் சுருள் வடிவில் பதிந்திருப்பதால், வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது தடத்தோடு சேர்ந்தே ஓடும். பிளேயரால் அதைச் சமாளிக்க முடியாது. அடிப்பக்கம் ஊதா அல்லது நீல நிறமாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலையில் அச்சடிக்காமல் கணினியில் பதிவு செய்த டிஸ்க். கல்யாண வீடியோக்கள் பல அப்படித்தான் இருக்கும். அதில் உள்ள சாயம் வெளிச்சத்தில் மங்கும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அவற்றைக் கணினியில் ஏற்றுங்கள். இந்த வாரமே செய்யுங்கள்.

லோட்ஷெடிங் என்று இங்கே சொல்லும் முறை வைத்த மின்வெட்டு கடுமையாக இருந்த நாட்களில் போன் கோபுரத்தின் பேட்டரியும் தீர்ந்து இணையம் போய்விடும். சின்ன இன்வெர்ட்டரில் டிவியும் டிவிடி பிளேயரும் ஓடின. அந்த இரவுகளில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

உங்களிடம் ஒரு உதவி கேட்கிறேன். பாட்டுக்கும் சப்டைட்டில் உள்ள தமிழ் டிவிடி உங்கள் வீட்டில் இருந்தால், படத்தின் பெயரையும் டிஸ்க் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரையும் எழுதி அனுப்புங்கள். பின்னட்டையில் போட்டிருப்பதை நம்பாமல், டிஸ்க்கைப் போட்டு ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். நான் ஒரு நோட்டில் பட்டியல் எழுதி வருகிறேன். இதுவரை 17 படங்கள்தான் சேர்ந்திருக்கின்றன.