ஒரு பால் பல்லுக்கு 1,150 ரேண்ட்!

வணக்கம் உறவுகளே. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இன்று நல்ல மழை, சமையலறைப் பக்கம் போகப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன்.

மகனின் கடைவாய்ப் பால் பல்லில் சொத்தை. அடைத்ததற்கு 1,150 ரேண்ட்! ரசீதைக் கேமராவுக்கு நேராகப் பிடிக்கிறேன், பாருங்கள். பார்த்ததற்குத் தனி, எக்ஸ்ரேக்குத் தனி, மரத்துப்போகும் ஊசிக்குத் தனி. இதோ, கையுறைக்கும் தனிக் கட்டணம்! கையுறை போடாமல் என் பிள்ளை வாயில் கை வைப்பார்களா? இந்தப் பணத்துக்கு ஒரு மாத மளிகையே வாங்கிவிடுவேன். நான் விலை பேசாமல் வெங்காயம்கூட வாங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அங்கே வாய் திறக்க முடியவில்லை.

டர்பனிலேயே சாட்ஸ்வொர்த் பகுதியில் அண்ணன் மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கும் அதே வயது, அதே இடத்தில் சொத்தை. அண்ணி விடியற்காலையில் அரசு கிளினிக்கில் வரிசையில் நின்றார். அங்கே அடைக்கவில்லை, பிடுங்கிவிட்டார்கள். பஞ்சைக் கடித்துக்கொண்டு பிள்ளை வீட்டுக்கு வந்தாள். செலவு ஒரு காசு இல்லை. ஆனால் அந்தப் பால் பல்தான் அடியில் வளரும் நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருக்கும். அது சீக்கிரம் போனால் பக்கத்துப் பற்கள் சாய்ந்துவிடலாம், அடுத்தது கோணலாக முளைக்கலாம். கம்பி கட்ட அண்ணன் எங்கே போவார்?

சொத்தை ஏழை, பணக்காரன் பார்ப்பதில்லை. 1999 முதல் 2002 வரை இந்நாட்டுச் சுகாதாரத் துறை எடுத்த ஆய்வில் 6 வயதுப் பிள்ளைகளில் சுமார் 60 சதவீதம் பேருக்குச் சொத்தை. பெரும்பாலானவற்றுக்குச் சிகிச்சையே நடக்கவில்லை. ஒரே ஓட்டைதான். பணம் இருந்தால் அடைக்கிறார்கள், இல்லாவிட்டால் பிடுங்குகிறார்கள்.

அட, சொல்ல மறந்துவிட்டேன். அண்ணன் மகளின் சொத்தையை முதலில் கண்டுபிடித்தது பள்ளிக்கு வந்த நர்ஸ். என் மகன் பள்ளியில் நீச்சல் குளம் இருக்கிறது, ஆனால் வாயைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இல்லை. டப்பா ஜூஸ் மட்டும் தாராளம். 2018 ஏப்ரலில் சர்க்கரைப் பானங்களுக்கு வரி வந்தபோதும் முழுப் பழச்சாறு தப்பித்துக்கொண்டது. அம்மாக்களும் பழம்தானே என்று பையில் வைத்து அனுப்புகிறார்கள். எனக்கு அந்த ஜூஸைக் கண்டாலே பிடிக்காது. பழத்தைக் கடித்துத் தின்னட்டும்!

6 வயதுப் பிள்ளை இருந்தால் இன்று இரவே டார்ச் அடித்துப் பாருங்கள். எந்தப் பல்லும் விழாமலே பல் வரிசையின் கடைசியில் புதிதாக ஒரு பல் முளைத்திருக்கலாம். அது நிரந்தரப் பல், பால் பல் என்று விட்டுவிடாதீர்கள். அதன் பள்ளங்களை மூட ஒரு பூச்சு உண்டு, கேட்டு வாங்குங்கள்.

அடுத்த முறை நான் டென்டல் தெரபிஸ்டிடம்தான் போவேன், அதாவது பல் டாக்டர் அல்ல, எளிய பல் சிகிச்சைகளுக்கெனப் படித்தவர். இங்கே வெஸ்ட்வில் பகுதியில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் இதற்கென்றே படிப்பு இருக்கிறது, அவர்களும் பல்லை அடைப்பார்கள். சாட்ஸ்வொர்த் பக்கம் கைராசிக்காரர் யாராவது தெரிந்தால் கீழே எழுதுங்கள். விலையையும் சேர்த்து எழுதுங்கள், கையுறை உட்பட.