பதுளை வீதியும் பழைய பாலமும்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, வேலைகளுக்கு நடுவில் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாநகர சபை உயர் அதிகாரிகளே, ஆசியுரை வழங்கிய சிவாச்சாரியார் அவர்களே, அருட்தந்தை அவர்களே, மௌலவி அவர்களே, பாடசாலை அதிபர்களே, பொன்னாடையை மடித்து மடியில் வைத்திருக்கும் பயணக் குழுத் தம்பிமாரே, தங்கச்சிமாரே, வணக்கம். பெயர் விடுபட்டவர்கள் பொறுத்தருள்க. போன கூட்டத்தில் ஒருவரை விட்டுவிட்டு, அவர் வீட்டு வழியால் மூன்று மாதம் நான் போகவில்லை. பின்னால் கேட்கிறதா? சரி.

நம் மட்டக்களப்பிலிருந்து நுவரெலியாவுக்குச் சைக்கிளில் போன பயணத்தைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன். பாதை, சைக்கிள், உடம்பு.

முதலில் பாதை. செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பினால் கரடியனாறு, புல்லுமலை, மகா ஓயா. அதுவரை தரை, வெயில், காடு. யானை வெளிக்கிடும் நேரத்துக்கு முன் அந்தப் பகுதியைத் தாண்ட வேண்டும் என்று விடிய நாலு மணிக்கே புறப்பட்டோம். பதியத்தலாவை, பிபிலை வரைக்கும் பாட்டும் பகிடியும்தான். பிபிலை தாண்டி லுணுகலை ஏற்றம் தொடங்கியதும் பாட்டு நின்றது. பிறகு பசறை, பதுளை, வெலிமடை, ஹக்கலை, சீத்தா எலிய அம்மன் கோயில், நுவரெலியா. கடல் மட்டத்திலிருந்து வெளிக்கிட்ட நாங்கள் 1,868 மீட்டர் உயரத்தில் போய் நின்றோம். பதினொரு பேர். இரண்டு பேரிடம்தான் கியர் சைக்கிள். மற்றதெல்லாம் சந்தைக்குப் போகிற சைக்கிள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மிதி மேல் மிதி மிதித்தால் மலையும் நகரும் என்று கண்டுகொண்டேன்.

லுணுகலை ஏற்றத்தில்தான் என் சைக்கிள் செயின் அறுந்தது. இதைச் சொல்லியே ஆக வேண்டும். பெரிய ஆயத்தத்தோடு போனோம். பம்ப், ரியூப், ஒட்டுப்போடும் பசை, நோவுக்குப் பூசும் சித்தாலேப, என் மனைவி கட்டித்தந்த கருவாட்டுச் சம்பல் எல்லாம் இருந்தது. செயின் ஆணி கழற்றும் சாமான் மட்டும் வீட்டு மேசையில். தள்ளிக்கொண்டு போனேன். ஒரு வளைவில் தகரக் கொட்டில், வாசலில் தொங்கும் பழைய டயர், உள்ளே அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு சிங்கள ஐயா. எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவர் செயினை வாங்கினார், தேய்ந்த கண்ணியைப் பார்த்து நாக்கைச் சப்புக் கொட்டினார். ஒரு நட்டின் மேல் செயினை வைத்து, தலை நறுக்கிய ஆணியால் அடிக்கத் தொடங்கினார். அடி மேல் அடி. நான் எனக்குள் சிரித்தேன். கெட்ட கண்ணியைக் கழித்தார், செயின் கட்டையாகிவிட்டது. உடனே பின்சில்லு நட்டைத் தளர்த்தி, சில்லை ஒரு விரல் முன்னுக்குத் தள்ளி முறுக்கினார். முடிந்தது. காசு நீட்டினேன், வாங்கவில்லை. "மடக்களப்புவ?" என்று கேட்டார், மட்டக்களப்பா என்று. ஓம் என்றேன். அடுத்த கேள்வி என்ன தெரியுமா? உங்கள் வாவியில் மீன் பாடுமாமே, உண்மையா?

என் சிங்களம் முடிந்துவிட்டதே! கையால் நடித்துக் காட்டினேன். நிலா, தோணி, தண்ணீருக்குள் துடுப்பு, துடுப்பின் மறுமுனையில் காது. கொட்டிலில் நின்ற பெடியன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஐயா மட்டும் சிரிக்கவில்லை. கல்லடிப் பாலத்தடியில் கேட்கலாம் என்று நான் சொன்னதை, பிபிலையில் கொஞ்சம் தமிழ் பழகிய ஒரு பெடியன் அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னான். "அப்ப நான் சைக்கிளில வாறன்" என்று அவர் சொன்னதாகவும் அவனே சொன்னான்.

இங்கேதான் என் வயிறு எரிகிறது. அந்த மனிதர் மலையிறங்கி சைக்கிளில் வந்தால் எங்கே கூட்டிப்போவேன்? பதுளைக்கு ரயில் வந்தது 1924இல். நம் கல்லடி இரும்புப் பாலம் திறந்ததும் அதே 1924இல். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்தபின், பழையதைச் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் என்று முழுதாக ஒதுக்கி, இரவுக்கு வெளிச்சம் போட்டு, இரண்டு பக்கமும் சைக்கிள் ஒழுங்கை இணைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இப்போது வீதியோர வெள்ளைக் கோட்டுக்கு வெளியே மணல், கோட்டில் நிறுத்திய வான். ரியூசனுக்குப் போகிற பிள்ளை நடுவீதிக்கு வந்துதான் அதைத் தாண்டுகிறது. லுணுகலை வளைவில் வராத பயம் எனக்கு இந்த நகரத்துக்குள் வருகிறது. ஒரு அலுவலக வாசலில் என் சைக்கிளை நிறுத்த விடாமல், காருக்கு இடம் வேண்டும் என்றார்கள். எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன், முன்வரிசை கவலைப்பட வேண்டாம்.

கேட்டுக் கேட்டு அலுத்தாயிற்று என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். நாலு கடிதம் போட்டிருக்கிறோம், ஐந்தாவதும் போடுவோம்.

உடம்பைப் பற்றியும் சொல்வதாக இருந்தேன். இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்தபடியே வராதீர்கள், சூடேறிவிடும். விட்டு விட்டுப் பிடியுங்கள். மிச்சத்தை நம் டாக்டர் பேசுவார், தலைவர் இரண்டாவது தடவையாகத் துண்டு அனுப்பிவிட்டார்.

வாசல் மேசையில் பாலத்துக்கும் சைக்கிள் ஒழுங்கைக்குமான விண்ணப்பம் இருக்கிறது, பேனையை நூலில் கட்டியிருக்கிறோம். தேத்தண்ணியும் வடையும் அந்த மேசைக்கு அந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறது.