நாலு நாள் பிறந்த வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

கல்கத்தாவின் துர்க்கா பூஜையைப் பற்றி வானொலியில் பேசக் கூப்பிட்டது பொருத்தம்தான். அந்த ஊரில் பூஜை தொடங்குவதே ரேடியோவில்தான்.

1990களின் நடுவில் வங்கி வேலையில் மாற்றலாகி அங்கே போனேன். ஊர் அப்போது இன்னும் கொல்கத்தா ஆகவில்லை. லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மாடி அறை. புரட்டாசி மாதத்து மகாளய அமாவாசை, விடியற்காலை நாலு மணிக்குத் திடீரென்று சங்கொலி. கீழ் வீட்டில் ஒரு ஆண் குரல் சமஸ்கிருத சுலோகம் சொல்கிறது. எதிர் வீட்டிலும் அதே குரல், தெருமுனையிலும் அதே குரல். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டதென்று பதறிப்போய் இறங்கி ஓடினேன். வீட்டுக்கார அம்மாள் வாயில் விரலை வைத்து, உட்கார் என்று சைகை காட்டினார். அவரை நான் மாஷிமா என்று கூப்பிடுவேன், நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்கிற மாதிரி.

அந்தக் குரல் பீரேந்திர கிருஷ்ண பத்ரருடையது. 1930களின் தொடக்கத்திலிருந்து கல்கத்தா வானொலியில் வருகிற ‘மகிஷாசுர மர்த்தினி’ நிகழ்ச்சி அது. அவர் 1991இல் காலமாகிவிட்டார். பதிவு செய்த குரல்தான் ஊரை எழுப்புகிறது. 1976இல் ஒரு மாறுதலுக்காக அவரை விட்டுவிட்டு, வங்காளத்தின் உச்ச நடிகர் உத்தம் குமாரின் குரலைப் போட்டார்கள். ஊரே கொதித்து, பழைய குரலைத் திரும்பக் கொண்டுவர வைத்தது. இதைச் சொல்லும்போது மாஷிமாவுக்கு இருபது வருஷத்துக் கோபம் ஆறியிருக்கவில்லை.

“இன்றைக்குக் கிளம்பிவிட்டாள்” என்றார். யார் என்றேன். “உமாதான். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாள்.”

எனக்குப் புரிய நாளாயிற்று. நமக்குத் துர்க்கை என்றால் ராகுகாலத்தில் எலுமிச்சை விளக்கேற்றிப் பயபக்தியோடு கும்பிடுகிற அம்மன். அவர்களுக்கு அவள் கட்டிக்கொடுத்த பெண். கைலாயத்தில் சாம்பல் பூசிய மாப்பிள்ளையோடு காலம் தள்ளுகிறவள், வருஷத்தில் சில நாள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். பத்துக் கை, சிங்கம், காலடியில் அசுரன் எல்லாம் இருக்கட்டும். இருபுறமும் லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், கார்த்திக் என்று நாலு பிள்ளைகளும் நிற்கிறார்களே, அதைத்தான் ஊர் முதலில் பார்க்கிறது.

அந்தக் கார்த்திக் நம் முருகன்தான். முறுக்கு மீசையோடு மைனர் மாதிரி நிற்பார். வள்ளி எங்கே, தெய்வானை எங்கே என்று கேட்டேன். மாஷிமா திடுக்கிட்டுப்போனார். அங்கே அவர் பிரம்மச்சாரி! பிள்ளையார் பக்கத்திலோ சிவப்புக்கரைப் புடவை கட்டி, முக்காடிட்ட ஒரு வாழைக்கன்று. சப்தமி காலையில் அதை ஆற்றுக்குக் கொண்டுபோய்க் குளிப்பாட்டி அழைத்து வருவார்கள். ஒன்பது செடிகளைச் சேர்த்துக் கட்டிய அம்மனின் வடிவம் அது. சாஸ்திரம் எப்படியோ, சனங்களுக்கு அவள் பிள்ளையாரின் பெண்டாட்டி. நம் ஊரில் அண்ணன் கட்டை பிரம்மச்சாரி, தம்பிக்கு இரண்டு பேர். அங்கே போனதும் குடும்பக் கணக்கே தலைகீழ்.

குமார்துலியைச் சொல்லாமல் விட முடியாது. வடக்குக் கல்கத்தாவில் கங்கைக்கரையை ஒட்டிய குயவர் தெரு. மூங்கில் சட்டத்தில் வைக்கோலைச் சுற்றி, அதன்மேல் ஆற்று மண் பூசி அம்மனைச் செய்கிறார்கள். நான் போனபோது சந்தின் இருபுறமும் தலையில்லாத உடம்புகள். தலைகள் தனியே காய்ந்துகொண்டிருந்தன. அந்த மண்ணில் தாசிகள் வீட்டு வாசலிலிருந்து எடுத்த ஒரு பிடியும் சேர வேண்டும் என்பது பழைய வழக்கம். வருஷம் முழுக்க ஒதுக்கிவைத்தவர்களின் வாசலில் போய் மண் கேட்கிறார்கள். அதை மரியாதை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

சாமிகள் வந்து இறங்கும் இடத்துக்குப் பெயர் ‘பேண்டெல்’. நம் பந்தல்தான்! நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து வங்காளி வாய்க்கு வந்த சொல். ஆனால் தென்னங்கீற்றுப் பந்தலை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். மூங்கிலும் துணியும் கொண்டு கோபுரம், அரண்மனை எல்லாம் எழுப்புகிறார்கள், சில நாள் கூத்துக்காக. அஷ்டமி இரவு, பாலிகஞ்ச் பக்கத்துப் பந்தல் ஒன்றின் நெரிசலில் என் செருப்பு ஒன்று போய்விட்டது. ஒற்றைச் செருப்போடு, எக் ரோல் தின்றுகொண்டு வீடு வந்தேன். ஆமாம், முட்டைதான். சுண்டலை எதிர்பார்த்துப் போனவனுக்கு நவராத்திரியில் பிரியாணிக் கடை வாசலில் வரிசையைப் பார்த்தால் எப்படி இருக்கும்! மகள் வந்திருக்கும்போது வாயைக் கட்டுவார்களா என்றார் மாஷிமா. பந்தலில் மத்தியானம் தரும் ‘போக்’, அதாவது அம்மனுக்குப் படைத்த பிரசாதம், மட்டும் சைவம்: கிச்சடி, காய்க் கூட்டு, தக்காளிச் சட்னி, பாயசம். அந்தச் சட்னி இனிக்கும், ஜாக்கிரதை.

எனக்கு மறக்காதது சந்தி பூஜை. அஷ்டமியின் கடைசி நாழிகையும் நவமியின் முதல் நாழிகையும் சேர்ந்த 48 நிமிடம். 108 தாமரை, 108 விளக்கு. கிராமங்களிலிருந்து வந்த டாக்கிகள், தோளில் தொங்கும் பெரிய டாக் மேளத்தை அடிக்க ஆரம்பித்தால் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. அவர்களில் பலர் விவசாயக் கூலிகள். சியால்தா ரயில் நிலையத்து வாசலில் மேளத்தோடு நின்று, இந்த நாலைந்து நாளுக்கு யாராவது கூப்பிட மாட்டார்களா என்று வாசித்துக் காட்டுவார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பண்டிகை, அப்பா ஊர் திரும்பிய பிறகுதான்.

அப்புறம் தசமி. சுமங்கலிகள் வரிசையாக ஏறி, வெற்றிலையால் அம்மன் முகத்தைத் துடைத்து, வாயில் இனிப்பை ஊட்டி, நெற்றியில் குங்குமம் வைப்பார்கள். பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் பூசிக்கொள்வார்கள். மாஷிமா கணவரை இழந்தவர். கீழேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெருப் பையன்களோடு நானும் லாரியில் ஏறிப் பாபுகாட் படித்துறைக்குப் போனேன். “ஆஷ்சே பொச்சோர் ஆபார் ஹொபே”, அடுத்த வருஷம் மறுபடி நடக்கும் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. அம்மனை மல்லாக்கத் தண்ணீரில் விட்டார்கள். முதலில் கரைந்தது முகம்தான்.

திரும்பும்போது நள்ளிரவு. எங்கள் தெருப் பந்தலில், வெறும் மேடையில், ஒற்றை அகல் எரிந்தது. மாஷிமா தேங்காய் உருண்டைத் தட்டோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். ரயில் நிலையத்திலிருந்து வருகிறவனைக் கேட்பதுபோலக் கேட்டார்:

“பத்திரமாக ஏற்றிவிட்டு வந்தாயா?”

நன்றி, வணக்கம்.