இசைத்தட்டின் மறுபக்கம்

நேயர்களுக்கு வணக்கம். ஆவணப்படங்களில் ஒலிக்கும் பாடல்களுக்கு, உரியவர்களைத் தேடிப் பிடித்து அனுமதி வாங்கித் தருவது என் தொழில். படம் முடிந்ததும் ஓடும் பெயர்ப் பட்டியலில் கடைசிக்குச் சற்று முன்னால் வருகிற ஆள் நான். அதற்குள் நீங்கள் தொலைக்காட்சியை அணைத்திருப்பீர்கள்.

அண்மையில் ஓட்டக்காரர்களைப் பற்றிய ஒரு தொடர். விடியற்காலையில் செம்மண் பாதையில் ஒரு வீரர் ஓடுகிறார். நாற்பது நொடிக் காட்சி. பின்னணியில் பழைய ஆப்பிரிக்க கிட்டார் பாட்டு ஒன்று. படத்தொகுப்பாளர் தற்காலிகமாகப் போட்டு வைத்தது. மூன்று வாரம் கேட்டுப் பழகிய இயக்குநருக்கு, அந்தப் பாட்டு இல்லாவிட்டால் காட்சியே வேண்டாம் என்றாகிவிட்டது. பாட்டு யாருடையது என்று பட்டியலைப் பார்த்தேன். இயற்றியவர் என்ற கட்டத்தில் ‘பாரம்பரியம்’ என்று எழுதியிருந்தது. இந்தச் சொல்லைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காரணம் இருக்கிறது. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. மெட்டும் சொற்களும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. படத்தில் சேர்க்க இரண்டுக்கும் தனித்தனியே அனுமதி வேண்டும். 1995 உலகக் கோப்பை ரக்பி போட்டியின்போது தென்னாப்பிரிக்க ரசிகர்கள் பாடிய ‘ஷோஷோலோசா’வை எடுத்துக்கொள்ளுங்கள். சுரங்க வேலைக்கு ரயிலேறி வந்த தொழிலாளர்களின் பாட்டு அது. இயற்றியவர் பெயர் யாருக்கும் தெரியாது. நீங்களே ஆள் வைத்துப் பாடிப் பதிவு செய்தால் பிரச்சினை பெரிதாக இராது. ஆனால் ஒரு குழு பாடி ஒரு நிறுவனம் வெளியிட்ட பதிவைப் போட்டால், அந்தப் பதிவுக்கு உரிமையாளர் இருக்கிறார். பாட்டு ஊருக்கே சொந்தமாக இருக்கலாம், பதிவு அப்படியல்ல.

விளையாட்டோடு பிறந்த ஒரு பாட்டின் கதை இதைவிடச் சுவையானது. 1972-இல் ஆப்பிரிக்கக் கோப்பைக் கால்பந்துப் போட்டி கேமரூனில் நடந்தது. போட்டிக்கான கீதத்தை அமைத்தவர் துவாலா நகரில் பிறந்த சாக்ஸபோன் கலைஞர் மனு டிபாங்கோ. இசைத்தட்டின் முன்பக்கம் கீதம். மறுபக்கத்தை நிரப்ப ஒரு பாட்டு: ‘சோல் மகோசா’. கேமரூன் அரையிறுதியில் தோற்றது. கீதத்தை இன்று யாரும் முணுமுணுப்பதில்லை. மறுபக்கத்துப் பாட்டோ கடல் தாண்டி நியூயார்க் போய்ச் சேர்ந்தது. அங்கே ஒரு நடன விருந்தில் அதைச் சுழலவிட, கேட்டவர்கள் கடை கடையாகத் தட்டைத் தேடினார்கள். மூலத்தட்டு கிடைக்கவில்லை, உடனே வேறு குழுக்கள் அவசரமாக அதே பாட்டைப் பதிவு செய்து விற்றன. 1973-இல் முறையான அமெரிக்க வெளியீடு வந்து, பில்போர்டு பட்டியலில் 35-ஆம் இடம் வரை ஏறியது.

அந்தப் பாட்டில் ‘மகோசா’ என்ற சொல்லை உடைத்து, திக்கித் திக்கி அடுக்கும் ஒரு வரி வரும். அதை ஒட்டிய வரியை 1982-இல் தம் ‘த்ரில்லர்’ தொகுப்பின் முதல் பாட்டில் மைக்கேல் ஜாக்சன் பாடினார். டிபாங்கோ வழக்குத் தொடுத்தார்; நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. 2007-இல் ரிஹானாவின் பாட்டில் அதே வரி மீண்டும் வந்தது. அனுமதியை ஜாக்சனிடம் கேட்டார்கள், தன்னிடம் யாரும் வரவில்லை என்பது டிபாங்கோ தரப்பின் புகார். 2009-இல் மறுபடியும் பாரிஸ் நீதிமன்றம். அனுமதியே கேட்காதவர்களைவிட, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்புகிறவர்களால்தான் எனக்கு அதிக வேலை. அவர்கள் கையில் ஒரு காகிதம் இருக்கும். எல்லாம் சரியாகிவிட்டது என்று நிம்மதியாக இருப்பார்கள்.

தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டாவின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. 1939-இல் ஜோகனஸ்பர்கில் அவர் பதிவு செய்த ‘ம்பூபே’தான் பிற்பாடு ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்று, சிங்கம் தூங்கும் பாட்டாக உலகைச் சுற்றியது. உரிமைக்கு அவர் பெற்றது 10 ஷில்லிங். பெயர் பலவாறு மாறிய அந்தப் பாட்டில் அவர் பெயர் மட்டும் நெடுங்காலம் காணவில்லை. 1962-இல் வறுமையில் இறந்தார். மகள்களுக்குக் கை கொடுத்தது, பிரிட்டிஷ் பேரரசு காலத்து 1911-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம்: படைத்தவர் இறந்து 25 ஆண்டு கழிந்தால் உரிமை வாரிசுகளிடம் திரும்பும் என்றது அது. அதை வைத்து 2004-இல் வழக்குப் போட்டு, 2006-இல் சமரசமாகி, பணமும் பெயரும் வந்தன. காலனி ஆட்சியின் சட்டம் ஒன்று இப்படிப் பயன்பட்டதை எண்ணினால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

விளையாட்டுத் தொடர் எடுப்பவர்கள் வழக்கமாக மறக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய ஆட்டக் காட்சியை விலைக்கு வாங்குவார்கள். அதில் மைதான ஒலிபெருக்கியில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். காட்சியை விற்றவர் பாட்டை விற்கவில்லை. அந்த இடத்தில் ஒலியை அழித்துவிட்டு, கூட்டத்தின் இரைச்சலைத் தனியே சேர்க்க வேண்டிவரும்.

எங்கள் ‘பாரம்பரியம்’ என்ன ஆனது? அந்த நாட்டு உரிமைச் சங்கத்துக்கு எழுதினோம். பழைய தட்டு சேகரிக்கும் ஒருவரிடம் உறையின் புகைப்படம் கேட்டோம். தட்டின் நடுவே ஒட்டிய காகிதத்தில், பொடி எழுத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவர் காலமாகிவிட்டார்; அவர் மகளைத் தேட ஐந்து வாரம் பிடித்தது. மெட்டுக்குக் கொடுக்கும் அதே தொகையைப் பதிவுக்கும் கொடுப்பது என்று பேசி முடித்தோம். கடைசியில் க்யூ ஷீட்டில், அதாவது எந்தப் பாட்டு எத்தனை நொடி, யாருடையது என்று ஒளிபரப்பாளருக்குக் கொடுக்கும் தாளில், ‘பாரம்பரியம்’ என்பதை அடித்துவிட்டு அந்த இரண்டு பெயர்களை எழுதினேன். சரிபார்க்க அனுப்பியபோது, தந்தையின் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது என்று மகள் பதில் அனுப்பினார். தட்டிலேயே அப்படித்தான் அச்சாகியிருந்ததாம், அன்றிலிருந்து.

திருத்தி எழுதினேன். நன்றி, வணக்கம்.